பழைய சுவர்ப்பூச்சு அகற்றல்

பழைய சுவர்ப்பூச்சு அகற்றல் என்பது, ஒரு கட்டடத்தின் சுவர்மீது காலப்போக்கில் படிந்த சுண்ணாம்பு வெள்ளை, டிஸ்டம்பர், வண்ணப்பூச்சு, ஒட்டப்பட்ட தாள் முதலிய மேற்படலங்களை, அடியிலுள்ள காரைக்கும் செங்கல்லுக்கும் கேடு நேராமல் நீக்கும் செயல் ஆகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வேலை பெரும்பாலும் பழைய சுவர்த்தாளை உரிப்பதைக் குறிக்கிறது. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் சுவர்த்தாள் அரிது. அங்கு பெரும்பாலும் நீக்கவேண்டி இருப்பது, பொங்கல் தோறும் அடிக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த வெள்ளையடிப்புப் படலங்களும், அவற்றின்மேல் பிற்காலத்தில் பூசப்பட்ட டிஸ்டம்பர், எமல்சன் போன்றவையும் ஆகும்.

இப்பகுதியின் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. எனவே அமிலம், எரிசோடா போன்ற கடும் வேதிப்பொருள்கள் படலத்துடன் சுவரையும் தாக்குகின்றன. நீர், நீராவி, மழுங்கிய தகடு ஆகியவற்றைக் கொண்டு பொறுமையாகச் செய்யும் முறையே இச்சுவர்களுக்கு ஏற்றது. ஒருமுறை நீக்கிய படலத்தைத் திரும்ப வைக்க இயலாது என்பதால், அகற்றும் முன் அடியில் இருப்பது என்னவென்று அறிதல் இவ்வேலையின் முதற்படியாகக் கொள்ளப்படுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் சோழர் கால ஓவியங்களின்மீது இருந்த நாயக்கர் கால ஓவியப் படலம் பிரித்தெடுக்கப்பட்டமை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சொற்கள்

செங்கற் சுவரின்மேல் மணலும் சுண்ணாம்பும் கலந்து தடிப்பாகப் பூசப்படுவது காரை எனப்படும். நீர்த்த சுண்ணாம்பை நீரில் கரைத்து மெல்லியதாக அடிப்பது வெள்ளையடிப்பு. சுவரின் அடியிலிருந்து ஈரம் மேலேறுவதை ஓதம் ஏறுதல் என்பர். ஈரம் உலரும்போது சுவரின் மேற்பரப்பில் வெண்மையான உப்புத் துகள்கள் தோன்றுவது உப்புப் பூத்தல் எனப்படும். மேற்பரப்பின் குழிகளை மாவு போன்ற பொருளால் நிரப்பிச் சமப்படுத்துவது பட்டி பார்த்தல். தேய்ப்புத்தாள் பேச்சு வழக்கில் உப்புத்தாள் என்றே அழைக்கப்படுகிறது.

படுகை வீடுகளின் சுவர் அமைப்பு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம் என்னும் அமைப்பைக் கொண்டவை. இவற்றின் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் கட்டப்பட்டவை. சிமெண்ட் பரவலாவதற்கு முன்னர், சுண்ணாம்பு, சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் கடற்கரைக் கிளிஞ்சல்களிலிருந்தும் சுட்டுப் பெறப்பட்டது. காரையின் உறுதிக்காகக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கும் வழக்கமும் இருந்தது.

சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் மிக்கது. படுகையின் வண்டல் மண்ணில் ஈரம் நெடுநாள் தங்குவதால் அடித்தளம் வழியாகச் சுவருக்குள் ஓதம் ஏறுகிறது. நுண்துளைகள் வழியாக அந்த ஈரம் வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடுகிறது. வெள்ளையடிப்பும் சுண்ணாம்பே ஆதலால் இவ்வெளியேற்றத்திற்குத் தடையாக இருப்பதில்லை. நீர் புகாத பிளாஸ்டிக் வகைப் பூச்சு அதன்மேல் ஏறும்போது ஈரம் உள்ளேயே தேங்குகிறது. அதனால் பூச்சு கொப்புளித்தல், காரை பொரிந்து உதிர்தல், உப்புப் பூத்தல் ஆகியவை நிகழ்கின்றன. பழைய வீடுகளில் பூச்சை அகற்றும் தேவை பெரும்பாலும் அழகு கருதி அன்றி, இக்காரணத்தாலேயே எழுகிறது.

படலங்களின் வகைகள்

சுண்ணாம்பு வெள்ளை: நீர்த்த சுண்ணாம்பு எனப்படும் கால்சியம் ஐதராக்சைடு, காற்றிலுள்ள கார்பனீராக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. வேதியியல் நோக்கில் இது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதே ஆகும். இறுகிய வெள்ளை நீரில் கரையாது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அடித்த படலங்களுக்கு இடையே தூசியும் புகைக்கரியும் படிந்திருப்பதால், அப்படலங்களுக்கு இடையிலான பிடிப்பு வலுவற்றதாக இருக்கும். வெள்ளை பளிச்சென்று தோன்ற நீலமும், கையில் ஒட்டாமல் இருக்க வச்சிரம் அல்லது அரிசிக் கஞ்சியும் சேர்ப்பது உண்டு. இப்பசைப் பொருள்கள் நீரில் இளகுவதால் நீக்கும் வேலை எளிதாகிறது.

டிஸ்டம்பர்: சுண்ணத்தூளுடன் நிறமிகளும் பசையும் கலந்தது. நீரில் கரையும் பசை கொண்ட பழைய தூள் வகை, வெந்நீர் பட்டவுடன் இளகிவிடும். எண்ணெய் கலந்த வகை கடினமானது. அது நெடுநேரம் ஊறிய பின்னரே சுரண்ட வரும்.

எமல்சன்: அக்ரிலிக் போன்ற பல்லுறுப்பிகளால் ஆனது. பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் பெயின்ட் எனப்படுகிறது. இது நீரில் கரைவதில்லை. எனினும் சுண்ணாம்பு வெள்ளையின்மேல் நேரடியாகப் பூசப்பட்ட எமல்சன், அடியிலுள்ள வெள்ளை தளர்ந்தவுடன் தோல்போல உரிந்து வரும்.

எனாமல்: எண்ணெய் அடிப்படையிலான பளபளப்பான பூச்சு. கதவு, சன்னல், தூண் ஆகியவற்றிலும், சுவரின் கீழ்ப்பகுதிப் பட்டைகளிலும் காணப்படும். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும்.

ஒட்டிய தாள்: சுவர்த்தாள், நாட்காட்டிப் படங்கள், சுவரொட்டிகள் ஆகியவை. மைதாப் பசை, கஞ்சிப் பசை போன்ற மாப்பொருள் பசைகளால் ஒட்டப்பட்டவை வெந்நீருக்கு இளகும். அண்மைக் காலத்தில் விற்கப்படும் வினைல் தாள்கள் நீரை உட்புகவிடாத மேற்பரப்பு உடையவை.

கடும் வேதிப்பொருள்களின் விளைவுகள்

கடைகளில் ஆசிட் என்ற பெயரில் விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பு வெள்ளையை நுரைத்துக் கரைக்கிறது. வெள்ளையும் காரையும் ஒரே பொருளால் ஆனவை என்பதால் அமிலம் எங்கு நிற்க வேண்டும் என்பதை வேலை செய்பவர் முடிவு செய்ய இயலாது. மேலும் இவ்வினையில் கால்சியம் குளோரைடு உண்டாகிறது. இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சுவரின் நுண்துளைகளில் தங்கிவிடும் இவ்வுப்பால், ஓதமே இல்லாத சுவரும் மழைக்காலத்தில் ஈரமாகத் தோன்றும்.

சமையலறைப் பொருள் என்பதால் வினிகர் தீங்கற்றது என்று கருதப்படுவதுண்டு. அசெட்டிக் அமிலம் கொண்ட வினிகரும் சுண்ணாம்பைக் கரைக்கக்கூடியதே. சிமெண்ட் பூச்சின்மேலுள்ள தாளை உரிக்க உதவும் குறிப்புகள் சுண்ணாம்புச் சுவருக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆப்பசோடா, சலவைச்சோடா, எரிசோடா ஆகியவை சோடியம் உப்புகளைச் சுவரில் விட்டுச்செல்கின்றன. இவை பின்னர் உப்புப் பூத்தலாக வெளிப்பட்டுப் புதிய பூச்சையும் தள்ளிவிடும்.

சில பூச்சு நீக்கிகளில் டைகுளோரோமீத்தேன் என்னும் கரைப்பான் உள்ளது. காற்றோட்டம் குறைந்த அறைகளில் இதன் ஆவி உயிருக்கு ஆபத்தானது. வீட்டுப் பயனுக்கான பூச்சு நீக்கிகளில் இதனை விற்பதை ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் தடைசெய்தது. குளியலறைத் தூய்மைக்குப் பயன்படும் வெளுப்பானை அமிலத்துடன் கலப்பதும் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளிமத்தை உண்டாக்கும்.

அகற்றும் முன் செய்யும் சோதனைகள்

தட்டிப் பார்த்தல்: விரல் முட்டியால் சுவரைத் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் காரை செங்கல்லுடன் இறுகப் பிடித்துள்ளது. பொள்ளல் ஒலி எழுந்தால் காரை விடுபட்டுள்ளது. அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அங்கு நீரும் அழுத்தமும் குறைவாகவே பயன்படுத்தல் வேண்டும்.

நீர்ச் சோதனை: ஈரத்துணியால் தேய்க்கும்போது நிறம் துணியில் ஏறினால் மேற்படலம் சுண்ணாம்பு வெள்ளை அல்லது தூள் டிஸ்டம்பர். நீர்த்துளி உறிஞ்சப்படாமல் வழிந்தால் அது எமல்சன் அல்லது எனாமல்.

படிச் சோதனை: கண்ணில் படாத ஓர் இடத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள கட்டம் ஒன்றைக் குறித்து, அதனைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் முந்தியதைவிட ஒரு படலம் கூடுதலாகச் சுரண்டுவது இச்சோதனை ஆகும். முடிவில் சுவரின் வரலாறு படிக்கட்டுப் போலத் தெரியும். எந்தப் படலம்வரை நீக்குவது என்பதை இதனைக் கண்ட பின்னரே முடிவு செய்யலாம். கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்களும் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

நெல் சேமிக்கும் பத்தாயம் நிற்கும் சுவர், நிலைப்பேழைகளின் பின்புறம் போன்ற, வெள்ளையடிக்கும் மட்டை எட்டாத இடங்களில் பழைய மேற்பரப்பு சுரண்டாமலே தெரியக்கூடும். பழைய வீடுகளிலும் மடங்களிலும் சத்திரங்களிலும் வெள்ளையின் அடியில் காவிப் பட்டைகள், கோலங்கள், சுதை வேலைப்பாடுகள், அரிதாக ஓவியங்கள் ஆகியவை மறைந்திருக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் போன்ற நிறங்கள் கோடுகளாகத் தென்பட்டால் வேலையை அத்துடன் நிறுத்தி, அவ்விடத்தை நனைக்காமல் நிழற்படம் எடுத்துவைத்து, தொல்லியல் அல்லது ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவர்களிடம் காட்டுதல் வேண்டும்.

ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. நனைத்த சுவர் அக்காலத்தில் உலர்வதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்திற்குத் திறக்கப்பட்டு, ஜனவரி 28இல் மூடப்படும். நீர்வரத்தைப் பொறுத்து இந்நாள்கள் மாறுவதுண்டு. அணை மூடியிருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் வாய்க்கால்கள் வறண்டு, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, சுவர்களும் ஒப்பீட்டளவில் உலர்ந்திருக்கும். பொங்கலுக்கு முன்பு அவசரமாகச் சுரண்டி உடனே வெள்ளையடிப்பதைக் காட்டிலும், பொங்கல் கழிந்த பின் சுரண்டி உலரவிடுவது நன்று.

தேவையான கருவிகள்

வாளி, வெந்நீர், கைத்தெளிப்பான், பழைய பருத்தித் துணி அல்லது கோணிச்சாக்கு, பட்டி பார்க்கும் தகடு, அகன்ற சுரண்டி, மரச்சுத்தியல், நார்த் தூரிகை, பஞ்சு, தரையில் விரிக்கப் பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவை போதுமானவை. தகட்டின் இரு கூர்முனைகளையும் அரத்தால் உருட்டிவிட்டால் காரையில் கீறல் விழாது. கம்பித் தூரிகையும் சுழலும் மின் தேய்ப்பியும் சுண்ணாம்புக் காரையைக் குடைந்துவிடும் ஆகையால் தவிர்க்கப்படுகின்றன.

செய்முறை

ஒட்டிய தாளை உரித்தல்

தாளின் ஒரு மூலையை உலர்ந்த நிலையிலேயே மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். வினைல் தாளாயின் மேற்தோல் தனியே உரிந்து, அடித்தாள் சுவரில் தங்கும். சாதாரணத் தாளை நேரடியாக நனைக்கலாம். வெந்நீரைத் தெளித்து, அதன்மேல் ஈரத்துணியைப் பரப்பி 10 முதல் 15 நிமிடங்கள் விட்டால் மாப்பொருள் பசை நீரை உறிஞ்சி ஊதிப் பிடிப்பை இழக்கும். பின்னர்த் தகட்டைச் சுவரோடு ஏறக்குறைய படுக்கையாக வைத்து, கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். எதிர்ப்பு இருந்தால் அழுத்தத்தைக் கூட்டாமல் மீண்டும் நனைப்பதே முறை.

நீராவிக் கருவியையும் பயன்படுத்தலாம். சுண்ணாம்புக் காரையில் ஓரிடத்தில் நெடுநேரம் நீராவி பட்டால் காரை கொப்புளிக்கும் என்பதால், சில நொடிகளுக்கு ஒருமுறை இடம் மாற்றுதல் வேண்டும். எஞ்சிய பசையை வெந்நீரும் பஞ்சும் கொண்டு இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். பசை எஞ்சினால் மழைக்காலத்தில் அதில் பூஞ்சை படரும்.

மாப்பொருளைச் செரிக்கும் அமைலேசு என்னும் நொதியம் பழைய தாள்களையும் ஓவியங்களையும் பாதுகாப்போரால் பசையை நீக்கப் பயன்படுத்தப்படுகிறது. மனித உமிழ்நீரிலும் இந்நொதியம் உண்டு.

சுண்ணாம்பு வெள்ளையை நீக்கல்

1. தளர்ந்து தொங்கும் படலங்களை முதலில் உலர்ந்த நிலையில் மெதுவாகத் தட்டி விழச் செய்தல். தூசி பறக்காதிருக்க இலேசாக நீர் தெளிக்கலாம்.
2. ஒரு நேரத்தில் ஏறத்தாழ 1 சதுர மீட்டர் பரப்பை மட்டும் மேலிருந்து கீழாக நனைத்தல். 10 நிமிடங்கள் கழித்து மறுபடியும் நனைத்தல்.
3. படலம் தடிப்பாக இருந்தால், நனைத்த கோணிச்சாக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுதல்.
4. மரச்சுத்தியலால் மிக இலேசாகத் தட்டுதல். கடினமான படலங்கள் இவ்வதிர்வில் இடையிலுள்ள தூசிப் படிவில் பிரியும்.
5. சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துப் படலம் படலமாக எடுத்தல். காரையின் மணல் தென்பட்டால் உடனே நிறுத்துதல்.
6. நார்த் தூரிகையால் துடைத்து, தூய நீரில் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தல்.

மறுபடியும் சுண்ணாம்பு வெள்ளையே அடிப்பதாயின் எல்லாப் படலங்களையும் நீக்க வேண்டியதில்லை. உறுதியாகப் பிடித்துள்ள பழைய சுண்ணாம்பின்மேல் புதிய சுண்ணாம்பு நன்கு பிடிக்கும். தளர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

டிஸ்டம்பர், எமல்சன் ஆகியவற்றை நீக்கல்

தூள் டிஸ்டம்பரை வெந்நீரும் பஞ்சும் கொண்டு கழுவியே எடுக்கலாம். நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கரைந்த பசை மீண்டும் சுவரில் படியும். எண்ணெய் கலந்த டிஸ்டம்பரை நீராவியால் இளக்கிச் சுரண்ட வேண்டும். எமல்சனில் கொப்புளம் கண்ட இடத்தில் தகட்டின் முனையைச் செருகி, உரிந்து வரும் தோலைச் சுவரோடு ஒட்டிய கோணத்தில் இழுக்கலாம். சுவரிலிருந்து நேர்க்குத்தாக வெளிப்புறம் இழுத்தால் காரையும் உடன் பெயரும். உரியாமல் உறுதியாக உள்ள இடங்களில் ஓதம் இல்லையெனில் விட்டுவைப்பதே நன்று.

எனாமல்

எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும், வெப்பக் காற்றால் சுட்டு எடுப்பதும் ஈயத்தைத் தூசியாகவோ புகையாகவோ காற்றில் கலக்கச் செய்யும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்னும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எனாமலை ஈயம் கொண்டதாகக் கருதியே கையாளுதல் வேண்டும். தவிர்க்க முடியாத இடங்களில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, கழிவை ஈரத்துணியால் திரட்டி, மூடிய பையில் அப்புறப்படுத்த வேண்டும்.

பாதுகாப்பு

சுவரை நனைக்கும் முன் அவ்வறையின் மின்னிணைப்பை முதன்மைப் பெட்டியிலேயே துண்டிக்க வேண்டும். பழைய வீடுகளில் மின்கம்பிகள் சுவரின்மேலேயே மரப்பட்டையில் செல்வதால் இது மிக முக்கியமானது. கண்ணாடி, முகமூடி, கையுறை ஆகியவற்றை அணிதல் வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் தூசி உள்ள அறையில் இருத்தல் ஆகாது. ஈயம் சிறு அளவிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுரண்டிய கழிவை முற்றத்திலோ கிணற்றடியிலோ கொட்டுவதும், வாய்க்காலில் கரைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

பழைய படலங்களில் நஞ்சு இருப்பது புதிய செய்தி அன்று. 1775இல் சுவீடிய வேதியியலாளர் கார்ல் வில்லெம் சீலே உருவாக்கிய ஆர்சனிக் கலந்த பச்சை நிறமி, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சுவர்த்தாள்களில் பெருமளவு பயன்படுத்தப்பட்டது. அக்காலத் தாள்களை இன்றும் உலர்ந்த நிலையில் சுரண்டுவதில்லை.

அகற்றிய பின்

சுவரைப் பல நாள்கள், இயன்றால் சில வாரங்கள், காற்றோட்டமாக உலரவிட வேண்டும். உலரும்போது பூக்கும் உப்பை நீரால் கழுவினால் அது மீண்டும் உள்ளே செல்லும். எனவே உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுத்தல் வேண்டும். உப்பு மிகுந்த இடங்களில், தூய நீரில் ஊறிய காகிதக் கூழைச் சுவரில் பற்றாக அப்பி, அது காய்ந்து உதிரும்வரை விடலாம். காய்கையில் கூழ் உப்பை ஈர்த்துக்கொள்ளும்.

குழிகளைச் சிமெண்ட்டால் அடைப்பது பொதுவாகச் செய்யப்படும் தவறு. சிமெண்ட் அடைத்த இடத்தைச் சுற்றியுள்ள மென்மையான காரைக்கு ஈரம் முழுவதும் தள்ளப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் அடைப்பின் ஓரமெங்கும் காரை உதிரும். சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையால் அடைத்து, சுண்ணாம்பு வெள்ளையே அடிப்பது பழைய சுவருக்கு ஏற்றது.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் ஓவியங்கள்

சுவர்ப் படலம் ஒன்றை நீக்குவதில் எழும் சிக்கல்கள் அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் தஞ்சைப் பெருவுடையார் கோயில் ஆகும். முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த இக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கருவறையைச் சூழ்ந்த இரு சுவர்களுக்கு இடையே குறுகலான, ஒளி குறைந்த உள்சுற்று வழி ஒன்று உள்ளது. இதன் கற்சுவர்களில் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டு, சோழர் காலத்தில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. பின்னர் நாயக்கர் காலத்தில் அவற்றின்மீது மற்றொரு படலம் பூசப்பட்டுப் புதிய ஓவியங்கள் வரையப்பட்டன. அடியில் வேறு ஓவியம் உள்ளது என்பது காலப்போக்கில் மறக்கப்பட்டது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி இவ்வழியில் மேற்படலத்தின் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். தட்சிணாமூர்த்தி, சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்லும் காட்சி, தில்லைக் கூத்தன், திரிபுராந்தகர் ஆகிய ஓவியங்கள் இவற்றுள் புகழ்பெற்றவை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் காரையையும் நிறமிகளையும் ஆய்ந்து, சோழர் ஓவியங்கள் ஈரக் காரையின்மீது தீட்டப்பட்டவை எனக் கூறினார். இம்முறையில் நிறமி தனியாக ஒட்டப்படுவதில்லை. காரை இறுகும்போது உண்டாகும் கால்சியம் கார்பனேட்டே நிறமியைப் பிடித்து வைக்கிறது. ஓவியமும் சுண்ணாம்பு, அதன் மேலுள்ள படலமும் சுண்ணாம்பு என்னும் நிலையில், படலத்தைக் கரைக்கும் எந்த அமிலமும் ஓவியத்தையும் கரைத்துவிடும். வீட்டுச் சுவருக்கும் காரைக்கும் உள்ள உறவு இங்கு ஓவியத்திற்கும் சுவருக்கும் உள்ளது.

வேறொரு சிக்கலும் இருந்தது. மேலே இருந்த நாயக்கர் கால ஓவியங்களும் வரலாற்றுச் சிறப்புடையவை. அவற்றைச் சுரண்டி எறிந்து சோழர் ஓவியங்களை வெளிக்கொணர்வது ஒரு காலத்தின் கலையை அழித்து இன்னொன்றைக் காப்பதாகும். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேற்படலத்தை ஓவியத்துடன் முழுமையாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டனர். இவ்வாறு பிரிக்கப்பட்ட 16 நாயக்கர் கால ஓவியங்கள் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தப்பட்டுக் கோயில் வளாகத்தில் தனியே காட்சிக்கு வைக்கப்பட்டன.

சுவரோவியங்களைப் பெயர்த்தெடுக்கும் முறைகள் இத்தாலியில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. பொதுவாக, ஓவியத்தின் முகப்பில் மெல்லிய துணி பின்னர் நீக்கக்கூடிய பசையால் ஒட்டப்படும். பசை காய்ந்தபின் துணியோடு சேர்த்து ஓவியப் படலம் சிறிது சிறிதாகச் சுவரிலிருந்து விடுவிக்கப்படும். அதன் பின்புறம் தூய்மை செய்யப்பட்டு, புதிய தாங்குபலகையில் பொருத்தப்பட்ட பின், முகப்புத் துணி நனைத்து எடுக்கப்படும். பெயர்த்தெடுக்கும்போது ஓவியத்திற்குச் சேதம் நேர வாய்ப்புண்டு என்பதால், வேறு வழியற்ற நிலையிலேயே இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது.

இக்கோயில் 1987இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஓவியங்கள் உள்ள உள்சுற்று வழிக்குள் பொதுமக்கள் வழக்கமாக அனுமதிக்கப்படுவதில்லை.

மணல்வீச்சு

கோயில்களின் கற்சுவர்களிலும் தூண்களிலும் படிந்த சுண்ணாம்பு வெள்ளையை நீக்க, குடமுழுக்குத் திருப்பணிகளின்போது அழுத்தக் காற்றுடன் மணலைப் பீய்ச்சும் மணல்வீச்சு முறை தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்பட்டது. வேதிப்பொருள் எதுவும் இல்லாத முறை எனினும், இது கல்லின் மேற்பரப்பையே தேய்த்து, கல்வெட்டு எழுத்துகளையும் சிற்ப நுணுக்கங்களையும் மழுங்கச் செய்தது. இதனால் கோயில்களில் இம்முறைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்துள்ளது. வேதிப்பொருள் அற்றது என்பதனால் மட்டும் ஒரு முறை சுவருக்குத் தீங்கற்றதாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

அகற்றத் தேவையில்லாத நிலைகள்

பின்வரும் நிலைகளில் பழைய பூச்சை அகற்றாமல் விடுவது பரிந்துரைக்கப்படுகிறது:

- படலம் உறுதியாகப் பிடித்திருந்து, சுவரில் ஓதமும் இல்லாதபோது.
- அடியில் ஓவியமோ சுதை வேலைப்பாடோ இருக்கும் அறிகுறி தென்பட்டு, அதனைப் பாதுகாக்கும் வசதி இல்லாதபோது. மேலுள்ள வெள்ளை அதற்கு ஒரு காப்பாக இருக்கும்.
- காரை பெருமளவு விடுபட்டு, படலமே அதனைத் தாங்கி நிற்கும்போது. அந்நிலையில் முதலில் காரை செப்பனிடப்பட வேண்டும்.
- ஈயப் பூச்சு சிதையாமல் முழுமையாக இருக்கும்போது. அதன்மேல் புதிய பூச்சு அடிப்பது சுரண்டுவதைக் காட்டிலும் பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

- சுண்ணாம்பு
- வெள்ளையடித்தல்
- சுதை வேலை
- சுவரோவியம்
- தஞ்சைப் பெருவுடையார் கோயில்